மாடு மேஞ்ச ஏரோப்ளேன்

கோடையில பருத்திப்பட்டு ஏரி வத்திக் கிடந்தப்ப, ஒரு வெள்ளைக்காரன் எண்ணெய் தீர்ந்தோ இன்னாவோ, ஏரோப்ளேனைக் கொண்டாந்து உள்ளே எறக்கிட்டான். ஊரே ஓடுச்சு, நானும் ஓடினேன். எல்லாரும் அவன் தொப்பியைப் பாத்துகினு இருந்தாங்க. நான் றெக்கையைப் பாத்தேன். கருவேல முள்ளு கிழிச்ச எடத்துல அவன் ஊசி நூலை எடுத்து ஒட்டுப் போட்டுத் தைச்சான். உள்ளே மரச்சட்டம், மேலே துணி. இவ்ளோதானா சங்கதின்னு ஆயிடுச்சு எனக்கு. ரயில் பெட்டிப் பட்டறையில நான் தச்சன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், ஊட்டுலயே ஒண்ணு கட்டிடறதுன்னு.

அப்பா அம்மா போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு. ஊட்டுல நானும் தங்கச்சியும்தான். அவகிட்ட சொன்னேன். சிரிக்கலை.

"எஞ்சினுக்கு எங்கண்ணே போவே?"

"அத்த அப்புறம் பாத்துக்கலாம்."

"செரி, துணியை நான் தைக்கிறேன்"னா.

கொல்லையில றெக்கை எழும்புச்சு. துணிதான் தொளதொளன்னு கெடந்துது. வெள்ளைக்காரன் எதையோ பூசி மொடமொடன்னு வெச்சிருந்தான், அது இன்னான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? வேட்டிக்குப் போடறாப்ல சோத்துக்கஞ்சி போட்டோம். நல்லாத்தான் வெறைச்சுது. எனக்கு ஒரே பெருமை. மறுநாள் வேலை விட்டு வந்து பாத்தா, பக்கத்து ஊட்டுப் பசு பாதி றெக்கையைத் தின்னுட்டு அசை போட்டுகினு நிக்குது.

ஊருக்கு அது போதாதா? ஆவடி ஸ்டேஷனுக்கு நடந்தா, "இன்னா அண்ணாத்தே, பறக்காம நடந்து போறே?"ம்பாங்க. கேலி பண்ணாக்கூடப் பரவாயில்லை, கொஞ்ச நாள்ல அதுவும் நின்னுபோச்சு. பட்டறையில சோத்து நேரத்துக்கு என் பக்கத்துல ஒருத்தனும் ஒக்காரலை. கிறுக்கன்னு சொல்லாம சொல்லி விலகிப் போறாங்க பாருங்க, அதான் வலிச்சுது. அதுக்காக விட்டுடுவேனா? மறுபடி துணி, மறுபடி கஞ்சி, இந்தவாட்டி சுத்தி வேலி.

அப்போதான் தங்கச்சியைப் பொண்ணு பாக்க வானகரத்துலேருந்து வந்தாங்க. பையன் குனிஞ்ச தலை நிமிரலை. அவன் அப்பா கை கழுவக் கொல்லைக்குப் போனவரு, ரெண்டு றெக்கையையும் பாத்துட்டு வந்து, "இது இன்னாத்துக்கு?"ன்னாரு. பந்தல் சாமான்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "பறக்கப் போறேன்"னேன். அவரு எழுந்து போயிட்டாரு. அப்புறம் ஆள் மூலமா சொல்லியனுப்பினாரு: கிறுக்கு ரத்தத்துல ஓடும், அந்தச் சாமானை ஒழிச்சா மேலே பேசலாம்.

இதுக்கு முன்னே ரெண்டு வரன், மாடு மேஞ்ச ஏரோப்ளேன் ஊடு இதுதானான்னு வாசலோட திரும்பியிருக்கு. இதுவும் போச்சுன்னா அவ கதி? பையனைப் பிடிச்சிருக்கான்னு கேட்டேன். தலையாட்டினா. அந்த ஞாயித்துக்கிழமை அவ தையலைப் பிரிச்சா, நான் கோடாலியால சட்டத்தைப் பொளந்தேன். ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கலை. அந்த வெறகுலதான் கல்யாணச் சமையல் ஆச்சு.

அவ போனப்புறம் ஊட்டுல வாயைத் தொறக்க வேலையே இல்லை. தனியா கெடந்து தவிச்சேன், அதான் நெசம்.

தலை ஆடிக்கு ரெண்டு பேரையும் அழைச்சு விருந்து வெச்சேன். சாப்பிட்டுகினு இருந்த மாப்பிள்ளை, பாதி எலையில கொல்லைப் பக்கம் எட்டி எட்டிப் பாத்தாரு.

"மச்சான், அத்த எங்கே வெச்சிருக்கீங்க?"

"எத்தை?"

"ஏரோப்ளேனை."

"ஒடைச்சுட்டேன் மாப்ளே. உங்கப்பாதான்..."

அவரு கை அப்படியே நின்னுபோச்சு. அப்பா அப்படிச் சொல்லியனுப்பினது அவருக்குத் தெரியவே தெரியாதாம்.

"ஊருல பேசிக்கினது என் காதுலயும் விழுந்துது. பொண்ணு பாக்க வந்தப்பவே அத்தயும் பாத்துடணும்னு இருந்தேன். பெரியவங்க முன்னாடி எழுந்து போக வெக்கமா இருந்துது. கல்யாணம் ஆனா ஞாயித்துக்கிழமையில வந்து உங்ககூட வேலை செய்யலாம்னு..."

தங்கச்சி கதவைப் பிடிச்சுகினு நின்னா. நான் அவருகிட்ட, இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்தட்டுமான்னு கேட்டேன்.