பால் வந்ததா என்று கேட்ட மருத்துவர்

என் குழந்தையின் பசியைத் தீர்த்தவள் மீதே எனக்கு ஏன் அவ்வளவு பொறாமை?

திருத்தணி அந்தப் பக்கமா, புத்தூர் இந்தப் பக்கமா என்று ஊரே ஆந்திர, சென்னை மாநில எல்லையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பிரசவத்தில் மிகுந்த இரத்தம் இழந்த எனக்குப் பால் சுரக்கவே இல்லை. அப்போது கைக்குழந்தை வைத்திருந்த என் ஓரகத்தி காந்தாதான் என் மகனுக்கும் பாலூட்டினாள். அவள் மடியில் அவன் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. மாதங்கள் சென்றும் மாதவிலக்கு திரும்பவில்லை, வெயிலிலும் குளிர்ந்தது, எழுந்து நடக்கவும் வலுவில்லை.

திருப்பதிக்குக் காட்டப் போனபோது மருத்துவர், "குழந்தைக்குப் பால் வந்ததா?" என்று கேட்டார். காந்தா அருகில் நின்றதால் ஒப்புக்கொள்ள மனமின்றி, "வந்தது" என்றேன்.

"பி.ஏ. படிச்சவ பொய் சொல்றா, டாக்டரய்யா! ஒரு சொட்டு வரல. ரெண்டு பசங்களும் என்னையேதான் துன்னுக்கினு கெடக்குதுங்க" என்று காந்தா சிரித்தாள்.

மருத்துவர் சிரிக்கவில்லை. இரத்த இழப்பால் மூளையின் அடியிலிருந்து பாலைச் சுரக்கச் செய்யும் பிட்யூட்டரி சுரப்பி பழுதாகியிருக்கலாம், கவனிக்காவிட்டால் ஒரு சாதாரணக் காய்ச்சலே உயிரைப் பறிக்கும் என்றார். பரிசோதனைகள் அதை உறுதிசெய்தன. முதலில் கார்டிசோனும் பிறகு தைராய்டு மாத்திரையும் கொடுத்து, ஆயுள் முழுவதும் நிறுத்தக் கூடாது என்றார். சில வாரங்களில் எழுந்து நடந்தேன்.

பால் வரவில்லை, பொறாமையும் முற்றிலும் போகவில்லை. ஆனால் மகன் பசித்து அழும்போது, காந்தா வந்து கேட்பதற்கு முன் நானே அவனைத் தூக்கிச் சென்று அவளிடம் கொடுக்கத் தொடங்கினேன்.