காலி வேகமும் ஒரு கல்யாண வீடியோவும்

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவுக்கு இணைய இணைப்பு கொடுப்பவன் நான். சுக்குக் கிடங்குக்கு மேலே ஓர் அறை, அதில் நாலு பெட்டி, ஒரு திரை, ஒரு மின்விசிறி. அதுதான் அலுவலகம். புகார் அழைப்புகளை எடுப்பது என் மனைவி. புகாருக்குக் காரணமாக இருப்பது நான்.

போன வருடம் எர்ணாகுளத்து மொத்த நிறுவனம் ஒன்றிடமிருந்து தெருவின் தேவையைப் போல இரண்டு மடங்கு வேகம் வாங்கிப் போட்டேன். இருந்தால் எப்படியும் இழுத்துவிடுவார்கள் என்று எனக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

"பாதியத்தான் தொடுறாங்க. மிச்சத்த என்ன, ஊறுகா போட்டு வைப்பீங்களா?" என்றாள் மனைவி. தெரு இழுக்கும் வேகத்தைத் திரையில் காட்டும் பச்சைக் கோடும் தினமும் பாதி உயரத்தில் நின்று அவள் கட்சியில் சேர்ந்துகொண்டது.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. மாலை ஐந்து மணிக்குள் முழு வேகமா, பாதியா என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் ஒரு வருடத்துக்கு மாற்ற முடியாது. அதற்குள் கோடு ஒரு தடவையாவது உச்சியைத் தொடாவிட்டால் பாதியாக்கிவிடுகிறேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அதே நாளில் தெருவில் ஒரு கல்யாணம். விடுவேனா? நேரலையில் காட்டும் பொறுப்பை வலியப் போய் வாங்கிக்கொண்டேன். சுட்டியைத் தெருவின் வாட்ஸப் குழுவில் மூன்று தடவை போட்டேன்.

முகூர்த்த நேரத்தில் கல்யாணத்தையே விட்டுவிட்டுத் திரைமுன் உட்கார்ந்தேன். கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. அது அவ்வளவு கீழே போய் நான் பார்த்ததே இல்லை.

மண்டபத்திலிருந்து மனைவி அழைத்தாள். "தெரு மொத்தமும் இங்க இருக்கு. வீட்டுல பாக்குறதுக்கு யாரு இருக்கா? வாசி பிடிச்சது மதி, இந்த வீம்பு போதும். பாயசம் தீரப்போகுது, வாங்க."

எங்கள் தெருவில் கல்யாணம் என்றால் ஒரு வீட்டிலும் அன்று உலை வைக்க மாட்டார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஜெயிக்கிற ஆசையில் மறந்துவிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்போதே நிறுவனத்தை அழைத்துப் பாதி போதும் என்று சொல்லிவிட்டுப் பாயசத்துக்குப் போனேன். வேகத்தைக் கூட்டச் சொன்னால் பத்து நாள் இழுத்தடிக்கிறவர்கள், குறைப்பதை அரை மணியில் முடித்துவிட்டார்கள்.

மாலை ஆறு மணிக்கு உண்ட மயக்கம் தெளிந்து ஊர் சுட்டியைத் திறந்தது. மணமக்களைப் பார்க்க அல்ல, தங்களைப் பார்க்க. தன் புடவை எப்படி இருந்தது, முதல் பந்தியில் தனக்கு முன்னால் இடம்பிடித்தது யார், தன்னைக் கேமரா எத்தனை தடவை காட்டியது! ஒரு வீட்டில் நாலு பேர் என்றால் நாலு போனில், தங்கள் முகம் வரும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். கோடு புதிய உச்சியில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"சேட்டா, நெட்டு எவிடெ போயி?" என்று எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து குரல் வந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மனைவி போனும் கையுமாகப் படியேறி வந்தாள். போன் திரையில் அவள் முகம் வாய் திறந்தபடி உறைந்து நின்றது.

"நான் வர்ற எடத்துல வந்து சுத்திக்கிட்டே இருக்கு!"

"பாதியாக்கச் சொன்னது யாரு?" என்றேன். இதற்காகத்தானே காத்திருந்தேன்.

பச்சைக் கோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நான்தான் சொன்னேன். ஆனா நான் சொல்றதக் கேக்குற பழக்கம் உங்களுக்கு எப்ப வந்துச்சு?"