போதகரும் கேக்கும் மிஞ்சிய கல்யாணம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனாலும் மார்த்தாண்டம், தேங்காய்ப்பட்டணம், நாகர்கோவில் என்று மூன்று ஊரில் கல்யாண வீடியோ கடை உண்டு. ஆறு பெருகி மார்த்தாண்டம் கடைக்குள் தண்ணீர் ஏறிய கையோடு, ஒரு என்ஜினியரைப் பிடித்து மூன்று கடைக் கம்ப்யூட்டர்களையும் நெட் வழியாகக் கோர்த்துவிட்டேன். ஒரு கடையில் படத்தை ஏற்றினால் மற்ற இரண்டிலும் நகல் தானாக வந்து விழும். இந்த ஜில்லாவில் இப்படி யோசித்த முதல் ஆள் நான்தான்.

அப்போது ஒரு சர்ச் கல்யாணம். பாயசத்தோடு சேர்த்துச் சாப்பிடப் போளி வரவில்லை என்று மாப்பிள்ளையின் சித்தப்பா பந்தியில் பாதியில் எழுந்துவிட்டார். கோபம் ஆறாத பெண்ணின் அம்மா மார்த்தாண்டம் கடையில் உட்கார்ந்து, சித்தப்பா வரும் காட்சிகளையெல்லாம் அழிக்கச் செய்தார். தேங்காய்ப்பட்டணம் கடைக்குப் படம் பார்க்கப் போன மாப்பிள்ளையின் அம்மா, அப்படியானால் பெண்ணின் அப்பாவும் வேண்டாம் என்றார். பிறகு இவர் ஒரு மாமாவை, அவர் ஒரு அத்தையை. கேட்டு வருகிறவர் மனம் கோணாமல் நடக்க என் ஆட்களை அப்படிப் பழக்கியிருந்தேன். கடைசியில் போதகரும் கேக்கும்தான் மிச்சம்.

மறுநாள் புருஷனோடு துபாய் புறப்பட வேண்டிய பெண் வந்து பார்த்தாள்.

"அங்கிள், எனக்க கல்யாணத்துல எனக்க அப்பாவயே காணல்லியே. கையப் பிடிச்சு கூட்டிட்டு வந்தாவளே."

கேமரா கார்டுகளில் அதற்குள் வேறு கல்யாணம் ஏறியிருந்தது. என்ஜினியருக்குப் போன் போட்டால், எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்கிறார். ஒரு கடையில் அழித்தாலும் மூன்று இடத்திலும் ஒன்றுபோல அழியுமாம்.

அப்போதுதான் நினைவு வந்தது. குழாய்க்குத் தோண்டியவர்கள் வயரை அறுத்ததில் நாகர்கோவில் கடைக்கு ஒரு வாரமாக நெட் இல்லை. படம் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது; அழித்த சேதி அங்கே போயிருக்காது. கூப்பிட்டேன். போஸ்ட் வழியாகப் புது வயர் இழுக்க ஆள் ஏணியில் ஏறிவிட்டதாக அந்தக் கடையில் வேலை பார்க்கும் பெண் சொன்னாள்.

"மக்கா, அவன எறக்கு. நான் வாறது வர ஒருத்தனும் வயரத் தொடப்பிடாது."

அன்று சாயங்காலமே நாகர்கோவில் கடையில் இரண்டு சம்பந்திகளையும் பெண்ணையும் உட்கார்த்தி முழுப்படத்தையும் ஓட்டினேன். அப்பா மகள் கையைப் பிடித்து நடந்து வருகிறார். பக்கத்து பெஞ்சில், அதே காட்சியில், பட்டு வேட்டியில் சித்தப்பா. ஒருவரை வெட்டினால் மற்றவரும் போவார். பெண்ணின் அம்மா திரையில் சித்தப்பாவை விரலால் காட்டினார்.

"அவருக்க மூஞ்சிய மட்டும் கொஞ்சம் மங்கலாக்க முடியுமா?"

"அம்மா, சும்மா இரி," என்று பெண், நான் படத்தைப் பதித்து வைத்திருந்த டிஸ்க்கைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

இப்போது நாகர்கோவில் கடைக்கு ஏற்றுவதும் அழிப்பதும் எல்லாம் ஒரு வாரம் பிந்தித்தான் போகும். என் ஏற்பாடு.