ஆங்கிலத்துக்குப் போன பகிடிகள்

வாய்க்குள் ஆறு ஆணி இருக்கும்போதும் சுதாகரன் கதைப்பார். சின்னக் கொண்டை ஆணிகளை உதட்டிடுக்கில் வரிசையாகக் கவ்வியிருப்பார். ஒவ்வொன்றாக நாவால் முன்னே தள்ளி எடுத்து, ஓட்டோ இருக்கையின் பலகையில் றெக்சின் துணியை இழுத்து வைத்து அடிப்பார். இரண்டு ஆணிக்கு ஒரு பகிடி. இருபது வருடத் தொழிலில் ஒரு ஆணியையும் அவர் விழுங்கியதில்லை. வாய்வரைக்கும் வந்த பகிடி எதையும் விழுங்கியதில்லை.

புளியங்குளம் சந்தியிலிருந்து நெடுங்கேணிப் பக்கம் திரும்பினால் நூறு மீற்றரில் அவருடைய தகரக் கொட்டகை. மோட்டார் சைக்கிள், ஓட்டோ, உழவு இயந்திரம் என்று எதில் குந்தி இருந்து போனாலும் அதன் இருக்கை கிழிந்தால் அங்கேதான் வரவேண்டும். பெயர்ப்பலகை கிடையாது. "பேரை எழுதி வச்சா ஆக்கள் தேடி வந்தெல்லோ ஏசுவினம்" என்பார். நெற்றி மேலேறி உச்சிவரை போய்விட்டது. அதைப் பற்றி மற்றவர் வாய் திறக்கும் முன் தானே சொல்லிவிடுவார்: "காலபோக வெள்ளாமை முழுக்க அழிவு, அண்ணை. சிறுபோகத்தில தப்பினது இவ்வளவுதான்."

தன்னைத் தானே முதலில் பகிடி பண்ணிவிட்டால் மற்றவனுக்கு வேலை மிச்சம் என்பது அவருடைய கொள்கை. போர் முடிந்து செட்டிகுளத்து அகதி முகாமில் தண்ணீர் வரிசையில் நின்ற காலத்திலும் தன் வாளிக்கு முன்னால் ஐந்து பேரையும் பின்னால் ஐந்து பேரையும் சிரிக்க வைத்தவர். அதனால் அவரோடு கதைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு வயிறு நோகும். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தால், அந்த மனிதரைப் பற்றி ஒன்றும் தெரியவராது.

கலியாணக் கதையையும் அவர் அப்படித்தான் சொல்வார். அருந்ததி பதினொரு வயதில் தாய் தகப்பனோடு கனடாவுக்குப் போனவர். ரொறன்ரோவில் ஒரு வைத்தியசாலைச் சமையலறையில் வேலை. ஒரு கலியாணம் செய்து, அது சரிவராமல் விட்டவர். தகப்பனின் காணிக்கு வேலி போடுவிக்க 2019 மாசியில் ஊருக்கு வந்தபோது, வாடகை வானின் இருக்கை கிழிந்து கம்பி வெளியே வந்துவிட்டது. சாரதி அருந்ததியையும் ஏற்றிக்கொண்டு வானைச் சுதாகரனின் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். மிச்சம் சுதாகரனின் வாயால்: "முதல்தரம் பிழையாத் தைச்சுப்போட்டன். திருப்பித் தைக்கச் சொன்னா. அதுவும் பிழை. மூண்டாம் தரமும் பிழைச்ச உடன, சீற்றைத் திருத்திறதிலும் பாக்க ஆளைத் திருத்திறது சுகம் எண்டு கலியாணம் முடிச்சிட்டா."

உண்மையில் இருக்கை முதல்தரமே சரியாக வந்தது. பிறகு மூன்று வருடம் தொலைபேசியில் கதைத்தார்கள். 2022 ஆவணியில் பிள்ளையார் கோவிலில் இருபத்து மூன்று பேருக்கு முன்னால் தாலி கட்டினார். அருந்ததி ஐந்து கிழமை நின்றுவிட்டுப் போய், கணவரைக் கூப்பிட விண்ணப்பம் போட்டார்.

அடுத்த வருடம் கொழும்பில் கனடா விசாவுக்கான நேர்முகம். அக்கா சுமித்திரா மடித்துக் கொடுத்த சட்டையின் மடிப்புக் கலையாமல் பஸ்ஸில் முதுகு சாயாது போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர். பதற்றம் வந்தால் சிலருக்கு வியர்க்கும். சுதாகரனுக்குப் பகிடி வரும்.

"இவரை ஏன் திருமணம் செய்தீர்கள்?"

"வேற ஆரும் மாட்டன் எண்டிட்டினம், ஐயா."

"உங்களிடம் அவருக்கு என்ன பிடித்திருந்தது?"

"அதைத்தான் நானும் நாலு வருசமாக் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

"கனடா போனால் என்ன செய்வதாக எண்ணம்?"

"மனிசி உழைப்பா. நான் இருந்து சாப்பிடுவன்."

மொழிபெயர்த்தவர் ஒவ்வொன்றையும் முகம் மாறாமல் ஆங்கிலமாக்கினார். அதிகாரி ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். ஊர் திரும்பிய சுதாகரனுக்குப் பெருமை தாங்கவில்லை. "அந்த மனிசன் வெளியில சிரிக்கேல்லைத்தான். ஆனா ஒண்டு விடாம எழுதினவர். என்ர பகிடியை இதுவரைக்கும் ஆர் எழுதி வச்சது?" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கேட்டார்.

மார்கழியில் கடிதம் வந்தது. சுமித்திரா பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிப்பவர். அவருடைய மின்னஞ்சலுக்கே வந்தது. கதிரையை இழுத்துப் போட்டு, சொல்வதெழுதுதல் வாசிக்கிற குரலில், வரிக்கு வரி தமிழாக்கி வாசித்தார்.

"'தம்மை மணக்க வேறு எவரும் முன்வராமையே இத்திருமணத்துக்குக் காரணம் என விண்ணப்பதாரர் தெரிவித்தார்.' இது நீ சொன்னனியோ?"

"சொன்னனான்."

"'மனைவி தம்மைத் தெரிவுசெய்ததற்கான காரணத்தை அவரால் கூற முடியவில்லை.'"

"ஓம்."

"'மனைவியின் வருமானத்தில் வாழ்வதே தமது திட்டம் எனத் தெரிவித்தார்.'"

"அதுக்கு நீயும் அண்டைக்குச் சிரிச்சனி, அக்கா."

சுமித்திரா இப்போது சிரிக்கவில்லை. கனடாவுக்குப் போவதற்காகவே செய்யப்பட்ட கலியாணம் இது, ஆகவே விசா இல்லை என்று கடிதம் முடிந்திருந்தது. "அந்தாளில பிழை சொல்ல ஒண்டும் இல்லை. எல்லாம் நீதான் சொல்லியிருக்கிறாய், அவர் கையெழுத்து மட்டும் வச்சிருக்கிறார்" என்றார்.

ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பிவந்த தன் பகிடிகளைச் சுதாகரன் கேட்டுக்கொண்டு இருந்தார். முகமும் குரலும் கழன்றுபோய், வெறும் வசனங்களாக வந்திருந்தன. யாரோ ஒரு எமகாதகனைப் பற்றிய அறிக்கை மாதிரி இருந்தது. "இப்பிடி ஒருத்தன் உன்னைக் கேட்டு வந்திருந்தா நானே அடிச்சுக் கலைச்சிருப்பன்" என்று அக்காவிடம் சொன்னார். அதுவும் பகிடியாகத்தான் வெளியே வந்தது.

அன்று பின்னேரம் அருந்ததி தொலைபேசி எடுத்தார். அங்கே அவர் வேலைக்குப் புறப்படும் காலை.

"கடிதம் வாசிச்சனீங்களோ?"

"அக்கா வாசிச்சுக் காட்டினவா. இங்கிலீசிலையும் நான் நல்லாத்தான் பகிடி விட்டிருக்கிறன்."

அருந்ததி சிரிக்காமல் கேட்டார்:

"வேற ஒருத்தரும் கிடைக்கேல்லை எண்டுதான் என்னை முடிச்சனீங்களோ?"

"ஐயோ, அது பகிடியப்பா."

"அப்ப உண்மை என்ன? அதைச் சொல்லுங்கோ."

ஒரே ஒரு வசனம் போதுமாயிருந்தது. அது சுதாகரனின் நெஞ்சுக்குள் எங்கோ இருந்தது. ஆனால் வாய்க்கு அந்தப் பாதை பழக்கமில்லை. "உண்மையைச் சொன்னா நீரும் விசா இல்லையெண்டு கடிதம் போட்டிடுவீர்" என்று பழகிய பாதையால் போய்விட்டது. தொலைபேசி துண்டிக்கப்பட்டது.

அடுத்த நாள் அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மேன்முறையீடு செய்ய முப்பது நாள்தான் தவணை, அதையும் அங்கே இருக்கிற மனைவிதான் செய்யவேண்டும் என்று சுமித்திரா விசாரித்து வந்து சொன்னார். சுதாகரன் இங்கிருந்து செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. ஆனால் கடைக்கு வந்தவர்களிடம் யோசனைக்குப் பஞ்சம் இருக்கவில்லை. விண்ணப்பத்தைப் பிரான்சுக்கு மாற்றிப் போடச் சொன்னார் ஒருவர். வவுனியாவில் ஒரு ஆள் இருக்கிறார், எந்தக் கடிதமும் எடுத்துத் தருவார் என்றார் இன்னொருவர். உழவு இயந்திர இருக்கையை வருடத்துக்கு இரண்டு தரம் கிழித்துக்கொண்டு வரும் அப்புத்துரை, கடை வாங்குப் பலகையில் குந்தியிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தம்பி, மனிசிக்கு ஒரு கடிதம் எழுதும். வாயால கதையாதையும். உமக்கு வாய் எதிரி" என்றார்.

எழுதினார். சுமித்திராவின் மாணவர் கொப்பியில் ஏழு தாள். "அன்புள்ள அருந்ததிக்கு, தலையில் மயிர் இல்லாவிட்டாலும் மனம் இருக்கிற உமது கணவன் எழுதுவது" என்று தொடங்கிய முதலாவது தாளை அக்கா சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது தாளில் ஒரு வசனம் பகிடியில்லாமல் வந்தது, அதற்குக் கீழே அடைப்புக்குள் ஒரு பகிடி போட்டிருந்தார். ஏழாவது தாளில் "அருந்ததி" என்று மட்டும் இருந்தது. ஒன்றும் தபாலுக்குப் போகவில்லை.

கடிதம் வந்த இருபத்தாறாம் நாள் அருந்ததியிடமிருந்து அழைப்பு வந்தது. "வக்கீலிட்டைக் குடுத்து அப்பீல் போட்டிட்டன்" என்றார். சுதாகரன் வாயைத் திறக்க முன் அவரே தொடர்ந்தார்: "உங்களுக்காக எண்டு நினையாதேங்கோ. நான் பொய்க் கலியாணம் செய்தனான் எண்டு ஆரோ எழுதி வச்சிருக்க என்னால விட ஏலாது. விசாரணையில உங்களையும் கேப்பினம். நானும் அதில இருந்து கேட்டுக்கொண்டிருப்பன். ஒழுங்காக் கதையுங்கோ."

விசாரணைக்குப் பதினான்கு மாதம் எடுத்தது. அந்தப் பதினான்கு மாதமும் இரண்டு பேரும் கதைத்தார்கள்: மழை, சுகம், சாப்பாடு. அருந்ததி சிரிப்பதைக் கவனமாகத் தவிர்த்தார். சுதாகரனும் கடையில் எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு, அந்த ஒரு ஆளிடம் மட்டும் வங்கியில் படிவம் நிரப்புகிறவர் போலக் கதைத்தார். "இப்பதான் நாங்கள் உண்மையான புருசன் பெண்சாதி மாதிரி இருக்கிறம், இதை ஒருத்தரும் படம் எடுத்து விசாவுக்கு அத்தாட்சியா அனுப்பேல்லை" என்று அப்புத்துரையிடம் சொன்னார்.

விசாரணை நாள் வந்தது. அங்கே காலை, இங்கே மாலை ஏழு மணி. சாப்பாட்டு மேசையில் அக்காவின் மடிக்கணினி. அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்பதால் சுமித்திரா குசினிக்குள் போய், அடுப்பில் ஒன்றும் இல்லாமல் நின்றார். திரையில் நான்கைந்து பெட்டிகள்: தீர்ப்புச் சொல்கிற பெண்மணி, அரச பக்கத்து வழக்கறிஞர், அருந்ததியும் அவருடைய வழக்கறிஞரும், மொழிபெயர்க்கும் ஒரு அம்மா.

அரச வழக்கறிஞர் பழைய பதில்களை வாசித்தார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் கேட்டார்: "வேறு யாரும் உங்களை மணக்க முன்வரவில்லை என்று சொன்னீர்களா?"

"சொன்னனான்."

"அது பொய்யா?"

"பொய் இல்லை. பகிடி."

மொழிபெயர்ப்பாளருக்கு அந்தச் சொல் விளங்கியது. நல்லூர்ப் பக்கத்துக் குரல் அவருக்கு. ஆங்கிலத்தில் ஏதோ நீளமாக விளங்கப்படுத்தினார். வழக்கறிஞர் தலையாட்டினார். "அப்படியானால் அதே கேள்வியை இப்போது கேட்கிறேன். ஏன் மணந்தீர்கள்?"

சுதாகரனின் நாக்கு நுனிக்கு மூன்று பகிடிகள் வந்து நின்றன. மூன்றும் நல்ல பகிடிகள். அவர் மேசைக்குக் கீழே வைத்திருந்த வலது கையை எடுத்துக் கமராவுக்கு முன்னால் வைத்தார். மோதிர விரலும் சுண்டு விரலும் விறைத்து நின்றன.

"இது இரண்டும் மடங்காது. 2009 சண்டையில வந்தது. சீற்றுத் துணியைத் தைக்க இழுத்துப் பிடிக்கேக்க அந்தப் பக்கம் வழுக்கும். அதால பல்லாலதான் கடிச்சுப் பிடிக்கிறனான். கடைக்கு வாற ஆக்கள் அதைப் பாத்தா மற்றப் பக்கம் திரும்புவினம். இல்லாட்டிப் பாவம் எண்டு சொல்லுவினம். அதுதான் நான் கதைச்சுக்கொண்டே இருக்கிறது. வாயைப் பாத்தா கையைப் பாக்க மாட்டினம்."

மொழிபெயர்ப்பாளருக்கு இடம் விட்டு நிறுத்தினார். பிறகு தொடர்ந்தார்.

"அண்டைக்கு வான் சீற்று தைக்கேக்க இவா கடைக் கதிரையில இருந்தவா. நான் துணியைக் கடிச்சுக்கொண்டு பகிடி விட்டுக்கொண்டிருந்தனான். இவா எழும்பி வந்து அந்தப் பக்கத்தைப் பிடிச்சா. என்ன நடந்தது எண்டு கேக்கேல்லை. பாவம் எண்டும் சொல்லேல்லை. என்ர பகிடிக்குச் சிரிச்சுக்கொண்டே பிடிச்சா, வேலை முடியுமட்டும். வேற ஆரும் மாட்டன் எண்டது உண்மையில்லை, அம்மா. இரண்டு மூண்டு இடத்தில இருந்து கலியாணம் கேட்டு வந்தவை. நான்தான் மாட்டன் எண்டனான். ஒரு வீட்டுக்குள்ள காலமை தொடக்கம் பொழுதுபடுமட்டும் பகிடி விட்டுச் சமாளிக்க என்னால ஏலாது. இவாவோட இருக்கேக்க சமாளிக்கத் தேவையில்லை. அதுதான் காரணம்."

மொழிபெயர்ப்பு முடிய நேரம் எடுத்தது. அருந்ததி தன் பெட்டிக்குள் குனிந்துவிட்டார், தலைவகிடு மட்டும் தெரிந்தது. குசினியில் ஒரு சட்டி விழுந்தது.

ஆறு கிழமை கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை, பாடசாலைக்குப் போகிற வழியில் சுமித்திரா ஸ்கூட்டியைக் கொட்டகை வாசலில் நிறுத்தினார். "வழக்கு வெண்டிட்டம்" என்றார். "விசா இன்னும் இல்லை. பைல் திரும்ப விசா ஒபீசுக்குப் போகும். மெடிக்கல் திரும்பச் செய்யவேணும். இன்னும் எத்தினை மாதமோ தெரியாது. ஆனா கலியாணம் உண்மையெண்டு எழுதிட்டினம். அருந்ததி இப்ப எடுப்பா." ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

"உங்கட கலியாணமெல்லாம் உண்மையெண்டு ஆர் கண்டது?" என்று சுதாகரன் வாங்கில் இருந்த அப்புத்துரையைக் கேட்டார். "எனக்குக் கோட்டுத் தீர்ப்பு இருக்கு."

தொலைபேசி அடித்தது. தையல் இயந்திரத்தின் மேல் கிடந்து அதிர்ந்தது. சுதாகரன் பெனியனோடு நின்றார், இரண்டு கையிலும் முழங்கைவரை ஸ்பொன்ஞ் ஒட்டுகிற பசை.

"எடுமன் தம்பி, கனடா" என்றார் அப்புத்துரை.

சுதாகரன் மூலையில் இருந்த போத்தலை எடுத்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கையைத் தேய்த்தார். வாளித் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவினார், முகர்ந்து பார்த்தார், இன்னொரு தரம் கழுவினார். அழைப்பு அடித்து ஓய்ந்து, மறுபடி அடிக்கத் தொடங்கியது. வீடியோ அழைப்பும் அல்ல, வெறும் குரல்தான். தூணில் தொங்கிய சட்டையை எடுத்து உதறிப் போட்டு, கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகக் கழுத்துவரை பூட்டிவிட்டு, சுதாகரன் தொலைபேசியைக் காதில் வைத்தார்.