பெயரை மடித்து வைப்பவர்

"பேரைச் சொன்னா நாலு பேருக்குத் தெரியணும்மா" என்றார் அந்த அப்பா. பக்கத்தில் அவர் மகன், பிரபலமான ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் முத்திரை போட்ட பனியனோடு உட்கார்ந்திருந்தான். அங்கே இன்னும் விண்ணப்பமே போடவில்லை.

"அந்த நாலு பேருமா சார் போய்ப் படிக்கப் போறாங்க?" என்று கேட்டார் கிளிப் அக்கா. பிறகு பையனிடம் திரும்பி, "தம்பி, அங்க உனக்கு எந்தப் பாடம் பிடிச்சிருக்கு?" என்றார்.

அவன் யோசித்தான். "கேம்பஸ் சூப்பரா இருக்கும்க்கா."

அப்பாவே சிரித்துவிட்டார்.

வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்ட பேச்சு இது. அக்காவின் பட்டப்பெயருக்குக் காரணமும் அன்றுதான் தெரிந்தது. பல்கலைக்கழகக் கையேடுகளைப் பெயரும் முத்திரையும் தெரியாதபடி மடித்து, கிளிப் மாட்டித்தான் மாணவர்களிடம் கொடுப்பார். பாடங்களைப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகே கழற்றலாம். கேள்விப்படாத பெயரைப் பார்த்ததும் சிலர் முகம் தொங்கிப்போகும். மேலாளருக்கு இந்த வழக்கம் பிடிக்காது. பெரிய பெயர்தான் ஆளைக் கூட்டி வருகிறது என்பார்.

சென்ற ஆண்டு அக்காவின் மகளுக்கே இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்தது. ஒன்று உலகமறிந்த பெயர். மற்றதை நான் கேள்விப்பட்டதே இல்லை. செயற்கைக் கை, கால் வடிவமைக்கப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அந்தப் பெரிய பெயரின் கையேட்டை மட்டும் அக்கா மடிக்காமல், முத்திரை பளிச்சென்று தெரியச் சாப்பாட்டு மேசையில் வைத்தாராம். மகள் அம்மாவின் பையிலிருந்தே கிளிப்புகளை எடுத்து இரண்டையும் மடித்து மாட்டி, "நீயே படிச்சுச் சொல்லும்மா" என்று நீட்டியிருக்கிறாள்.

ஒன்றில் முதல் பருவத்திலேயே கையால் செய்து பழகும் பட்டறை. இன்னொன்றில் மூன்றாம் ஆண்டு வரை அந்தப் பேச்சே இல்லை. "பட்டறை இருக்கறதைத்தான் நானும் காட்டினேன்" என்றார் அக்கா.

மகள் பெயர் தெரியாத இடத்துக்கே போனாள். சில மாதங்களில், தான் செய்த கை ஒரு தேநீர்க் கோப்பையைப் பிடித்திருக்கும் படத்தை அனுப்பினாள். அக்கா அதை மேலாளர் உட்பட எல்லோரிடமும் காட்டினார். பிறகு என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சாயங்காலம் என் நாத்தனார் இங்க வர்றாங்க. இவ எங்க படிக்கிறான்னுதான் முதல்ல கேப்பாங்க. என் வாயில இன்னும் அந்தப் பெரிய பேருதான் வருது. நீ கொஞ்சம் பக்கத்துல இருந்து சரியான பேரைச் சொல்லிடேன்."