சேர் பார்த்துத் தருவதாகச் சொன்ன சுருக்கம்

ஒரு பக்கம்கூட வராத ஆய்வுச் சுருக்கத்தை ஒரு மனிதர் எத்தனை நாள் கையில் வைத்திருக்கலாம் என்று நினைக்கிறீர்கள்? நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

அப்போது கிளிநொச்சியில் நான் தற்காலிக விரிவுரையாளர். நிரந்தர நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சை வரவிருந்தது. ஒரு மாநாட்டிலாவது ஆய்வு வந்திருக்காவிட்டால் அந்தப் பக்கமே போகவேண்டாம் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். பூநகரியில் கிணறுகள் உவராகிப்போவதைப் பற்றிய ஆய்வு என்னிடம் இருந்தது. வந்தால் வரும் பஸ்ஸை நம்பி, தண்ணீர்ப் போத்தல்களைச் சுமந்து, வெயிலில் காய்ந்து செய்த ஆய்வு. அந்த வருடம் நடக்கவிருந்த மாநாட்டுக்கு, ஆய்வின் மேற்பார்வையாளர் சம்மதிக்காமல் சுருக்கத்தை அனுப்ப முடியாது. அதனால் நேரகாலத்துடனேயே அவரிடம் கொடுத்துவிட்டேன்.

அவர் கெட்டவர் அல்ல. அதுதான் பெரிய இடைஞ்சல். கெட்டவரென்றால் மனதாரத் திட்டியாவது இருக்கலாம். போகும்போதெல்லாம் கதிரையில் இருத்தி, குடிக்கப் பிளேன்ரீ வரவழைத்து, "ஒருக்கால் வடிவாய்ப் பார்த்துத் தாறன் பிள்ளை" என்பார். ஒரு வாரம் தலைப்பை மாற்றினார். அடுத்த வாரம் பழைய தலைப்பே திறம் என்றார்.

"சேர், நாளைக்குக் கடைசி நாள்."

"பயப்பிடாதேங்கோ. நானெல்லோ மாநாட்டுத் தலைவர். திகதியை எப்பிடியும் நீட்டுவம்."

நீட்டவும் நீட்டினார். பிறகு இன்னொருமுறையும் நீட்டினார். அதுவும் கடந்தபிறகுதான் சுருக்கம் என் கைக்கு வந்தது. ஒரேயொரு காற்புள்ளி கூடியிருந்தது. அன்றைக்கே அனுப்பினேன்.

பிந்தி வந்தவற்றை என்ன செய்வதென்று முடிவெடுக்க அவருடைய தலைமையில் குழு கூடியது. மட்டக்களப்பில் ஒருவருக்கு வெள்ளம், ஏற்றுக்கொண்டார்கள். வவுனியாவில் ஒருவர் வீட்டில் கலியாணம், அதையும் ஏற்றுக்கொண்டார்கள். என்னுடையதை மட்டும் தள்ளிவிட்டார்கள். நேரே அவருடைய அறைக்குப் போய் ஏனென்று கேட்டேன்.

"என்ர மாணவி எண்டு உங்களை விட்டால் சனம் என்ன கதைக்கும், சொல்லுங்கோ? ஆளுக்கொரு நியாயம் எனக்குச் சரிவராது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது யாருடைய மேசையில் கிடந்து பிந்தியது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பிளேன்ரீ வந்துவிட்டது. நானும் வாங்கிக் குடித்தேன். அதைக் குடித்ததற்காக இன்றைக்கும் என்மேல் எனக்கு எரிச்சல்தான்.

நேர்முகப் பரீட்சைக்குப் போனால், மேசைக்கு அந்தப் பக்கம் மூவர் இருந்தார்கள். நடுவில் அவர். பக்கத்தில் இருந்த அம்மையார், கொழும்பிலிருந்து வந்தவர், என் விண்ணப்பத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டினார்.

"ஒரு மாநாட்டிலயும் ஆய்வு வரேல்லையோ?"

நான் வாய் திறப்பதற்குள் சேர் முந்திக்கொண்டார். அவர் குரலில் உண்மையான பரிவு இருந்தது.

"பிள்ளை நல்ல கெட்டிக்காரி. நேரத்துக்கு அனுப்புறதிலதான் ஆள் கொஞ்சம் பிந்தும்."

அம்மையார் தலையை ஆட்டிக்கொண்டு அதை எழுதிக்கொண்டார்.