தெருவுக்கு மறுபக்கத்தில் குணலட்சுமி ரீச்சர்

கத்தரிக்காயை எடுப்பதும், விலை கேட்பதும், திரும்பக் கூடைக்குள் போடுவதுமாக நிற்கிறார் குணலட்சுமி ரீச்சர். வாங்கப்போவதில்லை என்பது விற்கிறவருக்கும் தெரியும், பக்கத்தில் நிற்கிற எனக்கும் தெரியும். கண் முழுக்கத் தெருவுக்கு மறுபக்கம், சந்தியோகுவின் தையற்கடையில். ரீச்சரிடம் படித்து முடித்த கமலாவதி ஒரு கிழமையாக அங்கே தைக்கிறாள். வைத்திருப்பதா, அனுப்புவதா என்று இன்று பின்னேரம் சந்தியோகு சொல்ல வேண்டும்.

காது கேளாத பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர் ரீச்சர். படிப்பு முடிந்த பிள்ளையை வீட்டில் இருத்திவிட்டார்கள் என்றால் மனுசிக்குப் பொல்லாத கோபம் வரும். "அடுப்படி மூலையிலை இருத்தவோ நான் பத்து வருசம் படிப்பிச்சனான்?" சண்டையால் பெற்றோல் இல்லாத ஊரில் சைக்கிளை உழக்கி, அச்சகம், பேக்கரி என்று பெயர்ப்பலகை கண்ட இடமெல்லாம் வேலை கேட்டு இறங்குவார். அவரைத் தூரத்தில் கண்டதும் பின்பக்கத்தால் மாறிவிடும் முதலாளிமாரும் உண்டு. ரீச்சர் விடுவாரா? பின்பக்கத்தாலேயே போய் நிற்பார்!

வேலை கிடைத்துவிட்டாலோ கடைக்குள் கால் வைக்கமாட்டார். "நான் உள்ளை நிண்டால் முதலாளி என்னோடைதான் கதைப்பார். பிள்ளையோடை எப்ப கதைக்கிறது?"

சந்தியோகு நல்ல மனிசன். அதுதான் கரைச்சல். குமர்ப்பிள்ளையைச் சந்தைச் சனம் பார்க்கக் கூடாதென்று கமலாவதியின் மெசினைச் சுவரைப் பார்க்கப் போட்டுவிட்டார். ரீச்சர் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. ஆனால் குண்டு போட வரும் பொம்மருக்குப் பயம். "உந்தப் பிள்ளைக்குக் கேக்காது, ரீச்சர். ஒண்டு நடந்தால் ஆர் பொறுப்பு?"

ரீச்சர் இதை எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வந்தது பொம்மர். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை சிதறியது. "பிள்ளை, ஓடு!" என்று பழக்கதோசத்தில் கத்திக்கொண்டு சந்தியோகு கடையடிப் பங்கர்க் குழிக்குப் பாய்ந்தார். கமலாவதி சுவரைப் பார்த்தபடி தைத்துக்கொண்டே இருந்தாள். ரீச்சர் பாதித் தெருவைக் கடந்துவிட்டார். அதற்குள் சந்தியோகு திரும்பி ஓடிவந்தார். ஊர்ப் பெண்பிள்ளையைத் தொடலாமோ என்றெல்லாம் யோசிக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பங்கருக்குள் குதித்தார். பின்னால் நாங்களும் விழுந்தோம்.

குண்டு எங்கேயோ தள்ளி விழுந்தது. வெளியே வந்ததும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ என்றுதான் சொல்லப்போகிறார் என நினைத்தேன். சந்தியோகு நேரே போய் மெசினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மற்றப் பக்கத்தைப் பிடி என்று கமலாவதிக்குத் தலையால் காட்டினார். சனம் ஓடினால் அவள் கண்ணுக்குத் தெரியட்டும் என்று சந்தையைப் பார்க்கத் திருப்புகிறார்கள்! இரும்பு மெசின், நல்ல பாரம். கமலாவதி முக்குகிறாள். கைகொடுக்க ஓடிய ரீச்சர் வாசற்படியில் சடாரென்று நின்றார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.